தாவர மூலக் குருதிநிறுத்திகள்

அறுவை சிகிச்சையின்போது தைத்தோ கட்டியோ அடக்க முடியாத குருதிக் கசிவை நிறுத்த, தாவரங்களிலிருந்து எடுக்கப்படும் செல்லுலோஸ், மாவுச்சத்து முதலியவற்றால் செய்யப்படும் பொருட்கள். கல்லீரல், மூளை போன்ற மென்மையான உறுப்புகளில் இவற்றின் தேவை மிகுதி.

சாதாரணப் பஞ்சும் காஸ் துணியும் குருதியை உறிஞ்சும். ஆனால் உடலுக்குள் கரையா. பிரித்தெடுத்தால் ஒட்டிய இடம் மீண்டும் கசியும். உள்ளே விட்டுவிட்டால் சீழ் பிடிக்கக்கூடும். 1942இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தின் யாகல், கென்யன் இருவரும் நைட்ரஜன் டைஆக்சைடு கொண்டு செல்லுலோஸை ஆக்சிஜனேற்றும் முறையை வெளியிட்டனர். இழை உருக்குலையாமலே, காரத்தில் கரையும் தன்மை அதற்கு வந்தது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வர்ஜீனியா நீலண்ட் ஃபிரான்ட்ஸ் இப்பொருளை விலங்குத் திசுக்களில் வைத்துச் சோதித்தார்; உடல் அதைக் கரைத்து உறிஞ்சிக்கொள்வதை 1943இல் அறிவித்தார். அதே ஆண்டில் நரம்பு அறுவை மருத்துவர் டிரேசி புட்னம் அதைக் குருதியை உறையவைக்கும் நொதியான திராம்பினுடன் சேர்த்துப் பயன்படுத்தினார். ஆனால் இதன் அமிலத்தன்மை திராம்பினைச் செயலிழக்கச் செய்வது பிறகு தெரியவந்தது. ஆகவே இன்று திராம்பின் சேர்க்காமல் உலர்ந்த நிலையிலேயே வைக்கிறார்கள். குருதி பட்டதும் இது கரும்பழுப்புக் கூழாக மாறிக் கசிவை அடைக்கிறது. அமிலத்தன்மை பாக்டீரியாக்களின் வளர்ச்சியையும் தடுக்கிறது. 1960வாக்கில், மறுவாக்கம் செய்த செல்லுலோஸில் நெய்த 'சர்ஜிசெல்' புழக்கத்துக்கு வந்தது.

தாவர மாவுச்சத்துத் துகள்களாலான 'அரிஸ்டா' 2006இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது குருதியின் நீரை உறிஞ்சி, தட்டணுக்களையும் உறைபொருட்களையும் ஓரிடத்தில் செறியவைக்கிறது. அமைலேஸ் நொதி அதை ஓரிரு நாளில் சிதைத்துவிடுகிறது. துருக்கியின் 'அங்காஃபெர்ட்' திராட்சை, அதிமதுரம் உள்ளிட்ட ஐந்து தாவரங்களின் சாறுகளைக் கொண்டது.

குருதி எத்தனை நிமிடத்தில் நின்றது என்பதோடு சோதனை முடிவதில்லை. பொருள் எவ்வளவு வீங்குகிறது, எத்தனை நாளில் மறைகிறது, சுற்றியுள்ள திசுவை என்ன செய்கிறது என்பவையும் அதே அளவு முக்கியம். எலும்புக் குழிக்குள் விடப்பட்ட செல்லுலோஸ் எலும்பு கூடுவதைத் தடுக்கக்கூடும். முதுகுத்தண்டு அருகே விடப்பட்ட குருதிநிறுத்திகள் வீங்கித் தண்டுவடத்தை அழுத்தியதால் உடல் செயலிழப்பு நேர்ந்ததைச் சுட்டி, 2004இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. எனவே இத்தகைய இடங்களில் கசிவு நின்றதும், தேவைக்கு மிஞ்சியதை எடுத்துவிடுவதே விதி.