ஜாபிதா எழுதத் தெரியாத காரியஸ்தன்

1979-ஆம் வருஷம் பெல் ஆராய்ச்சிக்கூடத்து யூனிக்ஸின் ஏழாவது பதிப்போடு ஸ்டீபன் பூர்ன் எழுதிய ஷெல் வெளிவந்தது. ஷெல் என்றால், நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் காரியஸ்தன். கெட்டிக்காரன்தான். ஆனால் ஒரு பெயருக்கு ஒரே ஓர் எழுத்துச் சரடுதான் அவனுக்குத் தெரியும். பல பொருள்களை ஒரே பெயரில் வரிசையாக வைக்கும் 'அர்ரே' அவனிடம் கிடையாது.

இயந்திரம் விழிக்கும்போது எந்தெந்தச் சேவைகளைத் தொடங்குவது என்று அமைப்புக் கோப்பில் ஒரு ஜாபிதா வேண்டுமே! பெயர்களை இடம் விட்டு எழுதி, மேற்கோளுக்குள் அடைத்து, ஒரே சரடாகக் கொடுத்தார்கள். இடைவெளி கண்ட இடத்தில் ஷெல் நறுக்கிக்கொள்ளும்.

ஆபத்தும் அங்கேதான் இருந்தது. அழிக்கவேண்டியவற்றின் ஜாபிதாவில் 'பழைய கணக்கு' என்றொரு கோப்புறை ஏறியதாக வைத்துக்கொள்ளுங்கள். காரியஸ்தன் அதை இரண்டாக வெட்டுவான். அழியவேண்டியது சௌக்கியமாக இருக்கும்; பக்கத்தில் 'கணக்கு' என்ற பெயரோடு இருந்த நிரபராதி மாண்டுபோகும். மேற்கோள் போட்டுத் தடுத்தாலோ, ஜாபிதா முழுவதும் ஒரே பெயராகிவிடும்!

நிரல்களைத் தேடும் பாதையில் இடைவெளிக்குப் பதிலாக முக்காற்புள்ளி வைத்தார்கள். பெயரிலேயே முக்காற்புள்ளி இருந்தால் பழைய கதைதான்.

ஃப்ரீபிஎஸ்டியில் வேறொரு யுக்தி. வலைப்பின்னல் அட்டைக்கு உபரி விலாசங்கள் தரும்போது, ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர். பெயரின் வாலில் 0, 1, 2 என்று எண். படிப்பவன் எண்ணிக்கொண்டே போவான். நடுவில் ஓர் எண் விட்டுப்போனால் அங்கேயே நின்றுவிடுவான். பந்தியில் ஓர் இலை காலியாக இருக்கிறதென்று பரிமாறுகிறவன் திரும்பிப்போனால், அப்பால் உட்கார்ந்தவர் கதி என்ன?

1996-இல் பாஷ் என்ற ஷெல்லுக்கு அர்ரே வந்தது. ஆர்ச் லினக்ஸ்காரர்கள் சேவைகளை அடைப்புக்குறிக்குள் அழகாக அடுக்கினார்கள். 2012 வாக்கில் அந்த முறையையே விட்டார்கள். 2006-இல் உபுண்டு 6.10, இயந்திரம் சீக்கிரம் விழிக்கட்டுமென்று, பொது ஷெல்லின் இடத்தில் டாஷ் என்ற சிக்கனக்காரனை உட்கார்த்தியது. அவனுக்கு அர்ரே தெரியாது. பாஷ் இருக்கிறான் என்று நம்பிப் பொது ஷெல்லுக்கு எழுதிய கோப்புகள், அந்த அடைப்புக்குறியிலேயே தடுக்கி விழுந்தன.

எனக்குப் பிடித்தது சிஸ்டம் ஐந்து யூனிக்ஸின் வழி. ஜாபிதாவே இல்லை, ஒரு கோப்புறை, அதில் சேவைக்கு ஒரு கோப்பு, பெயரின் முன்னால் வரிசை எண். எண் விட்டுப்போனாலும் பாதகமில்லை. புதிதாக வருகிற நிரல் தன் கோப்பை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பிறர் எழுதியதில் கை வைக்க வேண்டியதில்லை.