ஆரஞ்சு வீடும் கஞ்சா வீடும்: ஒரு கண்ணாடிக் குடிலின் கதை



'சூப்பர் லெமன் ஹேஸ்' என்ற பெயரைக் கேட்டால் ஏதோ புதுக் குளிர்பானம் போலத் தோன்றும். உண்மையில் அது எலுமிச்சை வாசனை அடிக்கும் ஒரு கஞ்சா ரகம். ஆம்ஸ்டர்டாமில் நடந்த 'கன்னபிஸ் கப்' போட்டியில் 2008, 2009 என இரண்டு வருடம் தொடர்ந்து பரிசு வாங்கியது. நம் பக்கத்து மலைகளில் திறந்த வெளியில் வளரும் செடி, மழையும் மூட்டமுமான நெதர்லாந்தில் கண்ணாடிக்குள் போய் எலுமிச்சை வாசனையோடு வெளியே வந்தது எப்படி? அதுதான் இந்தக் கட்டுரை.

(முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது வளர்ப்புக் குறிப்பு இல்லை, வரலாறு. இந்தியாவில் 1985 சட்டப்படி கஞ்சா வளர்த்தால் பத்து வருடம் வரை சிறை. எனவே விதை கேட்டு யாரும் மடல் போட வேண்டாம் :-))

ஆரஞ்சுக்குக் கட்டிய வீடு

கதை ஆரஞ்சில் தொடங்குகிறது. 17-ம் நூற்றாண்டில் கப்பல் வணிகத்தில் பணம் குவித்த டச்சுக்காரர்களுக்கு வீட்டுத் தோட்டத்தில் ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களை வைத்திருப்பது பெரிய கௌரவம். ஆனால் அந்த ஊர்க் குளிரில் அவை பட்டுப்போகும். அதனால் மரங்களைத் தொட்டியில் நட்டு, குளிர்காலத்தில் தெற்குப் பார்த்த பெரிய ஜன்னல்கள் வைத்த ஒரு கட்டடத்துக்குள் நகர்த்தி, அடுப்பு மூட்டிக் காப்பாற்றினார்கள். அந்தக் கட்டடத்துக்குப் பெயரே 'ஆரஞ்சரி', அதாவது ஆரஞ்சு வீடு. இன்றைய பசுமைக்குடிலுக்கு இது ஒரு பாட்டி.

அந்தக் கப்பல்களின் பாய்களும் கயிறுகளும் பெரும்பாலும் கஞ்சா இனச் செடியின் நாரில் செய்தவை. 'கான்வாஸ்' என்ற சொல்லே 'கன்னபிஸ்' என்பதிலிருந்து வந்ததுதான். ஆக ஆரஞ்சு ஊருக்குள் வருமுன்பே கஞ்சா இனம் அங்கே இருந்தது. ஆனால் நாருக்காக, திறந்த வயலில்.

ஒரே தோட்டத்தில் இரண்டும்

ஹார்லெம் நகருக்குப் பக்கத்தில் ஹார்ட்கேம்ப் என்ற மாளிகைத் தோட்டம். உரிமையாளர் ஜார்ஜ் கிளிஃபர்ட், வங்கிக்காரர், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர். அங்கே ஆரஞ்சு வீடும் உண்டு, வெப்பக் குடில்களும் உண்டு. 1735-ல் இளைஞரான லின்னேயஸ் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். தண்ணீரை நிறுத்திக் காயவிட்டு, பிறகு மழைக்காலம் போலத் தாராளமாக ஊற்றி, குடிலுக்குள் ஒரு வாழை மரத்தைப் பூக்க வைத்தது அவருடைய புகழ்பெற்ற சாதனை. வாழை பூப்பதற்கு ஒரு புத்தகமா என்று நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் 1736-ல் அதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார்.

அந்தத் தோட்டச் செடிகளின் பட்டியலில் கஞ்சாவும் இருந்தது. 1753-ல் 'கன்னபிஸ் சட்டைவா' என்று லின்னேயஸ் பெயர் வைத்தார். இந்தப் பெயருக்கு எது ஆதாரச் செடி என்று கேட்டால் இன்று தாவரவியலாளர்கள் காட்டுவது, கிளிஃபர்டின் தொகுப்பில் இருந்த, இப்போது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ள ஓர் உலர்ந்த மாதிரியை. 1785-ல் லமார்க் 'கன்னபிஸ் இண்டிகா' என்று இன்னொரு பெயரைச் சேர்த்தார். அதற்கான செடியை இந்தியாவிலிருந்து கொண்டுபோனவர் சொன்னெரா. நம் பாண்டிச்சேரியில் தங்கி ஆராய்ந்த அதே பிரெஞ்சுக்காரர்தான்!

முன்வாசல் திறந்தது, பின்வாசல் மூடியது

சரி, 20-ம் நூற்றாண்டுக்கு வருவோம். 1976-ல் நெதர்லாந்து தன் அபின் சட்டத்தைத் திருத்தியது. ஹெராயின் போன்றவை ஒரு பக்கம், கஞ்சா இன்னொரு பக்கம் என்று பிரித்தது. கஞ்சா சட்டபூர்வமாகவில்லை. 30 கிராமுக்குள் இருந்தால் பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டோம் என்றார்கள், அவ்வளவுதான். 'காபி ஷாப்' என்ற பெயரில் கடைகள் பெருகின. 1990-களில் வரம்பு 5 கிராமாகக் குறைந்தது.

இதில்தான் ஒரு வேடிக்கை. கடைக்காரர் முன்வாசலில் விற்கலாம். ஆனால் பின்வாசல் வழியாகச் சரக்கு வாங்குவது குற்றம், அதை வளர்ப்பதும் குற்றம். கடைக்கு வரும் சரக்கெல்லாம் எங்கோ ஒளிந்து வளர்க்கப்பட்டவை. அமெரிக்காவில் போலீஸ் கெடுபிடி கூடியதால், 1970-களில் கலிஃபோர்னியாவில் உருவான 'ஹேஸ்', 'ஸ்கங்க்' போன்ற ரகங்களின் விதைகள் 1980-களில் நெதர்லாந்து வந்து சேர்ந்தன. நெவில் ஷூன்மேக்கர்ஸ் போன்றவர்கள் தபாலிலேயே விதை விற்றார்கள்.

ஈரமும் வாசனையும்

பகல் பொழுது குறையும்போதுதான் கஞ்சா பூக்கும். வெப்பநாட்டு மரபுள்ள ஹேஸ் பூத்து முடிய மூன்று மாதம் கூட ஆகும். அதற்குள் டச்சு இலையுதிர்கால ஈரம் வந்துவிடும். கண்ணாடி மழையைத் தடுக்கும், ஈரத்தைத் தடுக்காது. செடிகளே ஆவியை விடுகின்றன, இரவில் குளிர்ந்ததும் அது நீராகப் படிகிறது. நெருக்கமான பூங்கொத்துக்குள் சாம்பல் பூஞ்சை புகுந்துவிடும். திராட்சையையும் ஸ்ட்ராபெர்ரியையும் அழுகவைக்கிறதே, அதே பூஞ்சைதான். அதனால்தான் சீக்கிரம் பூக்கும் ஆப்கானிய மரபைக் கலந்தார்கள்.

ஈரத்துக்குத் தோட்டக்காரனின் பழைய மருந்து, ஜன்னலைத் திறப்பது. தக்காளி வளர்ப்பவர் திறப்பார். கஞ்சா வளர்ப்பவர் திறந்தால் வாசனை தெருவுக்குப் போய்விடும். பெண் பூக்களின் நுண்ணிய சுரப்பிகளில் ஊறும் லிமோனின், எலுமிச்சைத் தோலில் இருக்கும் அதே பொருள். போட்டியில் பரிசு வாங்கித் தரும் வாசனைதான் வீட்டில் ஆளைக் காட்டிக்கொடுக்கும். 2010-ல் ராட்டர்டாம், ஹேக் நகரங்களில் 30,000 வீடுகளுக்குச் சுரண்டினால் கஞ்சா வாசனை வரும் அட்டைகளைக் கொடுத்தார்கள். முகர்ந்து பழகிக்கொண்டு, பக்கத்து வீட்டில் இந்த வாசனை வந்தால் தகவல் சொல்ல வேண்டும்!

விளைவு, செடி கண்ணாடிக் குடிலையும் விட்டுப் பரண்களுக்கும் வாடகை அறைகளுக்கும் போனது. சூரியனுக்குப் பதில் விளக்கு, அதற்குத் திருட்டு மின்சாரம், அதனால் தீ விபத்து.

யார் எழுதி வைத்தார்கள்?

வரலாறு படிக்கிறவர்களுக்கு இதில் ஒரு இழப்பு உண்டு. 1893-94-ல் பிரிட்டிஷ் அரசு அமைத்த இந்திய கஞ்சா விசாரணைக் குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, தொகுதி தொகுதியாக எழுதி வைத்தது. எந்த மாவட்டத்தில் எப்படி வளர்த்தார்கள் என்று இன்றும் படிக்கலாம். ஆனால் 1980-களின் ரகங்களுக்கு விற்பனையாளர்கள் சொல்லும் கதைதான் ஆதாரம். 'ஒயிட் விடோ' என்ற புகழ்பெற்ற டச்சு ரகத்தின் தாய் தந்தையில் ஒன்று தென்னிந்தியச் செடி என்கிறார்கள். யாருடைய வயலிலிருந்து போனது என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டு கூடக் கிடையாது. ஒளித்துச் செய்கிற வேலைக்கு யார் கணக்கு வைப்பார்கள்? அந்த விவசாயியின் பேரன் அதே செடியை வளர்த்தால் சிறை. அதன் வாரிசுக்கு அங்கே கோப்பை.

2021-ல் 'நேச்சர் பிளான்ட்ஸ்' இதழில் வந்த ஆய்வு நெதர்லாந்தில் வளர்த்த மாதிரிகளைப் பரிசோதித்தது. 'இண்டிகா', 'சட்டைவா' என்ற லேபிள்கள் மரபணு உறவைச் சரியாகக் காட்டவில்லை, சில வாசனைப் பொருள்களோடுதான் பொருந்தின என்று கண்டது. எழுத்து இல்லாத இடத்தில் மூக்குதான் வம்சாவளி எழுதியிருக்கிறது!

கடைசியில் அரசுக்கும் இது புரிந்திருக்கிறது. 2023 டிசம்பரில் பிரேடா, டில்பர்க் நகரங்களில் தொடங்கி, 2025 ஏப்ரலில் பத்து நகராட்சிகளில் முழு அளவில் ஒரு சோதனைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அங்குள்ள காபி ஷாப்களுக்கு உரிமம் பெற்றவர்கள் வளர்த்த, கணக்குள்ள சரக்கு மட்டுமே போக வேண்டும்.

ஆரஞ்சு, குளிருக்குப் பயந்து கண்ணாடிக்குள் போனது. கஞ்சாவை உள்ளே தள்ளியதில் குளிருக்கும் பங்கு உண்டு, ஆனால் ஜன்னலைச் சாத்த வைத்தது சட்டம்தான். ஒரு செடியைத் தடை செய்தால் அது அழிந்துபோவதில்லை, வேறு செடியாக மாறிவிடுகிறது என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் புரிந்தது. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?