129ஆம் பிரிவு: ஹெல்மெட் வாங்குவோருக்கு ஓர் உரை

மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு நமக்கு அபராதச் சீட்டோடு அறிமுகமானது. ஹெல்மெட் கடைக்குப் போகுமுன் அதை ஒருமுறை வாசித்தவர் எத்தனை பேர்? 2019 திருத்தத்துக்குப் பிறகு அது சொல்வது, என் தமிழில்:

நான்கு வயதுக்கு மேற்பட்ட எவரும், எவ்வகை மோட்டார் சைக்கிளையும் ஓட்டினாலும், அதில் ஏறிச் சென்றாலும், ஏற்றிச் செல்லப்பட்டாலும், பொது இடத்தில், மத்திய அரசு வகுக்கும் தரத்துக்கு இணங்கிய பாதுகாப்புத் தலையணியை அணிய வேண்டும்.

தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு விலக்கு உண்டு. அதன்பின், தலையணி என்றால் என்ன என்பதற்கு ஒரு விளக்கத்தையும் சட்டமே தருகிறது. வாங்குகிறவருக்கு வேண்டிய சரக்கெல்லாம் அந்த விளக்கத்தில்தான்.

ஏற்றிச் செல்லப்பட்டாலும்

ஓட்டுகிறவர் தலையில் மூவாயிரம் ரூபாய் ஹெல்மெட், பின்னால் இருப்பவர் தலையில் முந்தானை. இந்தக் காட்சியைத் தடுக்க வந்த சொல் இது. கையில் இருக்கும் பணத்தை முதலில் தலைகளின் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ள வேண்டும். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தனி விதி இருக்கிறது. 2023 பிப்ரவரி 15 முதல் நடப்பில் உள்ள அது, ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கு ஓட்டுநரோடு பிணைக்கும் பட்டை, மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மிகாத வேகம், தன் தலைக்குப் பொருந்தும் சொந்த ஹெல்மெட் ஆகியவற்றைக் கேட்கிறது. அப்பாவின் ஹெல்மெட்டை மகள் தலையில் கவிழ்ப்பது இதில் சேராது.

தரத்துக்கு இணங்கிய

இங்கே ஒரு பாடபேதம். பழைய பாடம் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. புதிய பாடம் மத்திய அரசு என்று பொதுவாக நிற்கிறது. நடைமுறையில் மாற்றமில்லை, 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றம். முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 4151 என்றும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். ஸ்டிக்கரை யாரும் அடிக்கலாம். அந்த எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் தட்டினால் எந்த நிறுவனம், உரிமம் உயிரோடு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். அரை நிமிட வேலை.

பலர் தேடுகிற 'டாட்' முத்திரை அமெரிக்காவினுடையது. அது தயாரிப்பாளர் தாமே சொல்லிக்கொள்ளும் உறுதிமொழி. ஐரோப்பிய ஈ.சி.ஈ. 22.06 விற்பனைக்கு முன்பே சோதித்து ஒப்புதல் தருவது, கடுமையானது. இருந்தால் நல்லது. ஆனாலும் ஐ.எஸ்.ஐ.க்கு மாற்றாக நம் ஊரில் எதுவும் செல்லாது.

வடிவம், பொருள், கட்டுமானம்

இந்த மூன்றாலும் காப்பாற்றும் என்று நியாயமாக எதிர்பார்க்கத் தக்கதே தலையணி என்கிறது சட்டம்.

வடிவம் என்றது ஹெல்மெட்டின் வடிவத்தை. உங்கள் தலையின் வடிவத்தையும் சேர்த்தே கொள்க என்பேன். தையற்காரர் டேப்பைப் புருவத்துக்குச் சற்று மேலே, பின்மண்டையின் புடைப்பைச் சுற்றி வையுங்கள். 58 சென்டிமீட்டர் வந்தால் ஹெல்மெட்டில் 580 என்று போட்டிருக்கும். ஆனால் சுற்றளவு ஒன்றாயிருக்கும் இரண்டு தலைகள் ஒரே தலை அல்ல. நீள்வட்டத் தலைக்கு உருண்டை ஹெல்மெட் வாங்கினால் நெற்றி நோகும், காதோரம் இடைவெளி இருக்கும். நான் அளவை மட்டும் நம்பி ஆன்லைனில் வாங்கி, ஆறு மாதம் நெற்றியில் சிவப்புக் கோட்டோடு அலைந்தேன். கடையிலேயே மாட்டிக்கொண்டு பதினைந்து நிமிடம் நில்லுங்கள். கன்னம் சற்று நெருக்கினால் பரவாயில்லை, பஞ்சு சில வாரத்தில் தணியும். முதல் நாளே தொப்பி போல சுகமாக இருப்பது சீக்கிரம் தொளதொளவென்று ஆகிவிடும். கொண்டைக்காக ஓர் அளவு பெரிதாக வாங்குவதைவிடக் கொண்டையைக் கீழே இறக்கிப் போடுவது மேல்.

பொருள் என்பதில்தான் நாம் ஏமாறுகிறோம். உள்ளே கட்டைவிரலால் அழுத்தி "நல்ல குஷன்" என்கிறோமே, அது சுகத்துக்கான பஞ்சு. உயிர் காப்பது அதற்குப் பின்னால் இருக்கும் தெர்மோகோல். பெட்டியில் வருவதைவிட அடர்த்தியானது. மோதும்போது அது நசுங்கி, தலை நிற்கும் நேரத்தை நீட்டுகிறது. வெளி ஓடு அடியைப் பரப்புகிறது. நசுங்கிய தெர்மோகோல் மீளாது. ஆகவே விபத்தைப் பார்த்த ஹெல்மெட், ஓட்டில் கீறல் இல்லாவிட்டாலும், குப்பைக்குத்தான். பெட்ரோலால் துடைத்தாலும் அது கரையும், கண்ணாடித் தண்டில் மாட்டி வைத்தாலும் குழி விழும். சாலையோர ஹெல்மெட்டின் பஞ்சை விலக்கிப் பாருங்கள், சிலவற்றில் தெர்மோகோலே இராது.

கட்டுமானம் என்பதற்குத் தாடைப்பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். அரை ஹெல்மெட் முகவாயை அப்படியே சாலைக்குக் கொடுத்துவிடுகிறது.

விலை

சட்டத்தில் இந்தச் சொல் இல்லை. 2015 ஜூலையில் உயர் நீதிமன்ற உத்தரவால் தமிழகம் முழுவதும் ஹெல்மெட் கட்டாயமானபோது கடைகளில் அலைமோதிய கூட்டத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அன்று விலையும் தலைக்கேறியது. ஐ.எஸ்.ஐ. சோதனை ஆயிரம் ரூபாய் ஹெல்மெட்டுக்கும் பத்தாயிரத்துக்கும் ஒன்றே. கூடுதல் பணம் வாங்கித் தருவது குறைந்த எடை, காற்றுத் துளை, கீறாத முகக்கண்ணாடி, கழற்றித் துவைக்கும் உள்துணி. இதையெல்லாம் ஆடம்பரம் என்று தள்ளமாட்டேன். தேங்காய் எண்ணெய்த் தலையோடு மே மாதச் சென்னையில் போகிறவருக்குக் காற்றுப் போகாத ஹெல்மெட், இரண்டாவது சிக்னலிலேயே பெட்ரோல் டாங்க்மேல் ஏறிவிடும்.

வார்களால் உறுதியாகப் பிணைக்கப்பட்ட

விளக்கத்தின் இரண்டாம் பகுதி. பட்டியைப் போடாமல் தலையில் கவிழ்த்திருப்பது, சட்டத்தின் சொற்படி, தலையணியே அல்ல. 194டி பிரிவின் ஆயிரம் ரூபாயும் மூன்று மாத உரிமத் தகுதியிழப்பும் அதற்கும் பொருந்தும். எனவே கடையில் கடைசிச் சோதனை இது: பட்டியைப் பூட்டி, தாடைக்கும் பட்டிக்கும் இடையே இரண்டு விரல் மட்டும் நுழைகிறதா பாருங்கள். பிறகு ஹெல்மெட்டின் பின்விளிம்பைப் பிடித்து முன்பக்கமாக உருட்டுங்கள். கழன்று வந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்து அடுத்ததைக் கேளுங்கள். அவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.