மூன்றில் ஒரு பங்கு சிப்பி

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நினைத்தவர் நினைத்த நாளில் செய்யும் தொழிலாக இருந்ததில்லை. கடலடியில் சிப்பி விளையும் பாறைத் திட்டுகளுக்குப் ‘பார்’ என்று பெயர். பார்களை ஆட்சியாளர்கள் தம் உடைமையாகக் கருதினர்; குளிக்கும் நாளைக் குறித்ததும் அவர்களே. அந்த நாளுக்காகப் பல திசைகளிலிருந்தும் ஆட்கள் திரண்டார்கள். வெளியூரார் வந்து தங்கிச் செலவழிப்பதால் ஊர் பிழைக்கும் வழக்கம் முத்துக்குளித்துறைக்கு இப்படித்தான் பழகியது.

முத்தின் துறைமுகம் ஓரிடத்தில் நிலைத்ததில்லை. பாண்டியரின் கொற்கை தாமிரபரணி கொண்டுவந்த வண்டலால் கடலைவிட்டு விலகியது. அடுத்துத் தலையெடுத்த காயலும் மணல் மேடிட்டுப் பழையகாயல் ஆனது. அதன் பிறகுதான் தூத்துக்குடியின் காலம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைப் பார்த்த மார்க்கோ போலோ, கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு என்றும், சுறாவின் வாயைக் கட்டும் மந்திரக்காரர்களுக்கு இருபதில் ஒரு பங்கு என்றும் எழுதியிருக்கிறார். மந்திரத்துக்கு அரச வரியில் பாதி! முத்துக்குளிப்பில் கடலுக்குள் இறங்குவதற்கு முன்பே பங்குகள் பேசி முடிக்கப்பட்டிருந்தன என்பது இதிலிருந்து விளங்கும்.

1530களில் இக்கரையில் முத்துக்குளித்துவந்த பரதவர் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிக் கிறிஸ்தவத்தைத் தழுவினர். 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தனர். கொடி மாறியதே தவிர முறை பெரிதாக மாறவில்லை. மதுரை நாயக்கருக்கும் இராமநாதபுரம் சேதுபதிக்கும் பரதவரின் சாதித் தலைவருக்கும் வரியில்லாமல் குளிக்க இத்தனை ‘கல்’ என்று உரிமை இருந்தது. கல் என்பது குளியாளியைக் கடலடிக்கு இறக்கும் பாரக்கல். ஒரு கல்லுக்கு இரண்டு குளியாளிகள் மாறி மாறி இறங்குவார்கள். படகைவிடக் கல்லைக் கொண்டே தொழிலின் அளவு கணக்கிடப்பட்டது.

ஆங்கிலேயர் காலத்தில் இது முழு அரசுத் துறை வேலையாயிற்று. முதலில் அதிகாரிகள் பார்களைச் சோதித்து, சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து அழுகவைத்துக் கழுவி, கிடைத்த முத்தை வியாபாரிகளைக் கொண்டு விலை மதிப்பார்கள். மதிப்பு தேறினால் நாளும் இடமும் அறிவிக்கப்படும். கடல் அமைதியாக இருக்கும் பங்குனி, சித்திரையே பெரும்பாலும் பருவம். அதற்குள் வெறும் மணலில் ஓலைக் குடிசைகளால் ஓர் ஊர் எழும்பிவிடும். கடைத்தெரு, காவல், மருத்துவமனை, குடிநீர் எல்லாம் அரசு ஏற்பாடு.

படகுகள் நள்ளிரவுக்குப் பின் கரைக்காற்றில் கிளம்பும். பிற்பகலில் கடற்காற்றில் திரும்பும். குளியாளி ஏறக்குறைய ஒரு நிமிடம் மூச்சடக்கி, இடுப்பில் கட்டிய வலைப்பையில் சிப்பியை வாரிப் போடுவார். மேலே கயிறு பிடிப்பவர் பெரும்பாலும் உறவுக்காரர். உயிர் அவர் கையில். கரையேறிய சிப்பி முழுவதும் ஓலைவேலி அடைத்த களத்தில் மூன்று குவியலாகக் கொட்டப்படும். இரண்டு அரசுக்கு, ஒன்று குளியாளிகளுக்கு. அரசின் குவியல் அன்று மாலையே ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று ஏலம் போகும். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஏலம் எடுப்பது கிட்டத்தட்ட சூதாட்டம். வாங்கிய சிப்பியை நாள்கணக்கில் அழுகவிட வேண்டும். அந்த நாற்றத்தையும் ஈயையும் பற்றி எழுதாத பயணி குறைவு. பிறகு கழுவி, பித்தளைச் சல்லடைகளில் சலித்து, ஆணிமுத்து முதல் தூள் வரை தரம் பிரிப்பார்கள். குளியாளி தன் பங்கை அங்கேயே சில்லறையாக விற்றுக் காசாக்கிவிடுவார். கடைக்காரருக்கும் கள்ளுக்காரருக்கும் கடன் கொடுத்தவருக்கும் பணம் பாய்ந்தது அந்த மூன்றில் ஒரு பங்கிலிருந்துதான்.

இந்த வரவை நம்பி ஆண்டுக் கணக்குப் போட முடியாது. நீரோட்டம் பாரை மணலால் மூடும், மீன்கள் இளஞ்சிப்பியைத் தின்றுவிடும். பல ஆண்டுகள் குளிப்பே இல்லாமல் போகும். 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்தவைதான் கடைசி. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கியது. அதைப் பார்க்க மணலில் ஊர் எழும்பவில்லை. சங்கு குளிப்பு மட்டும் தொடர்கிறது.

முத்து இல்லாத ஆண்டுகளில் தூத்துக்குடியைத் தாங்கியது வழிப்போக்கர் கூட்டம். 1876இல் ரயில் வந்தபின் சென்னையிலிருந்து ரயிலேறி, தூத்துக்குடியில் கப்பல் மாறிக் கொழும்பு போவது வழக்கமாயிற்று. தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிகளும் இந்த வழியே போனார்கள். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் விட்டதும் இதே கொழும்புத் தடத்தில்தான். 1914இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழி ஏற்பட்டதும் அந்தக் கூட்டம் மெல்லத் திசைமாறியது. ஊரின் கையில் இல்லாத முடிவு அது. 2011 ஜூன் 13இல் கொழும்புக்கு ‘ஸ்கோட்டியா பிரின்ஸ்’ பயணிகள் கப்பல் மறுபடி விடப்பட்டது, நவம்பரிலேயே நின்றுபோனது.

1986இல் 21 தீவுகள் அடங்கிய மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டதால், பழைய பார்கள் கிடக்கும் கடலைச் சுற்றுலா மைதானமாக்கும் வழி குறுகியது. பவளப்பாறைக்கு அதுதான் நல்லது. ஆகவே சுற்றுலாவுக்கான இன்றைய அரசுச் செலவு கரையிலும் உள்நாட்டிலும்தான். மணப்பாடு, மத்திய அரசின் ‘சுதேச தர்ஷன்’ திட்டத்தில் சென்னை முதல் கன்னியாகுமரி வரையான கடற்கரைச் சுற்றில் சேர்க்கப்பட்டது. மணற்குன்றின் மேல் 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயமும் அதன் கீழே வளைந்து கிடக்கும் கடலும் அங்கே பார்க்க வேண்டியவை. 2020 மத்திய நிதிநிலை அறிக்கையில் ஆதிச்சநல்லூர் மேம்படுத்தப்பட வேண்டிய ஐந்து தொல்லியல் தலங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. தமிழக அரசு 2023இல் வெளியிட்ட கொள்கை சுற்றுலாவுக்குத் தொழில் தகுதி கொடுத்தது. திருச்செந்தூர் முருகன் கோயிலில் 300 கோடி ரூபாய் திட்டம் நடந்து 2025 ஜூலை 7இல் குடமுழுக்கு ஆனது. அதே மாதம் வாகைக்குளம் விமான நிலையத்தின் புதிய முனையமும் திறக்கப்பட்டது.

பேருந்தை விட்டு இறங்கும் பயணி உடன்குடிக் கருப்பட்டியையோ தூத்துக்குடி மக்ரூனையோ வாங்கிக்கொண்டு திரும்புகிறார். பனையேறுபவருக்கும் பேக்கரித் தொழிலாளிக்கும் அதில் சேர வேண்டியது எவ்வளவு என்று பங்கு பிரித்துக் கொட்டும் களம் இப்போது இல்லை.