பாச்சை உருண்டையில் விழுந்த துகள்

பட்டுப்புடவை மடிப்பில் போட்டுவைக்கிறோமே, அந்தப் பாச்சை உருண்டைக்குத் துகள் இயற்பியலிலும் ஒரு பங்கு உண்டு. கதை 1947-ல், குண்டுவீச்சில் சிதைந்து கிடந்த பெர்லினில் தொடங்குகிறது.

இயற்பியலாளர் ஹார்ட்முட் கால்மன் யூத வம்சத்தவர். 1933-ல் நாஜிகள் வந்ததுமே கைசர் வில்ஹெல்ம் நிறுவனத்து வேலை போயிற்று. எப்படியோ உயிர் பிழைத்து, போர் முடிந்ததும் ஆய்வுக்குத் திரும்பி, துகள்களை ஒளியால் கண்டறியும் பழைய முறையைக் கையிலெடுத்தார்.

ரூதர்ஃபோர்டின் காலத்தில், துத்தநாக சல்ஃபைடு பூசிய திரையில் ஆல்ஃபா துகள் மோதி எழும் மினுக்கை, இருட்டறையில் உட்கார்ந்து நுண்ணோக்கி வழியே கண்ணால் எண்ணினார்கள். கண் வலி இருக்கட்டும். அந்தத் தூள் தன் வெளிச்சத்தையே வெளியே விடாது. அதனால் மெல்லிசாகத்தான் பூச முடியும். ஆல்ஃபாவுக்கு அது போதும். ஊடுருவிப் போகும் காமாக் கதிரை மறிக்கத் தடித்த கட்டி வேண்டும்.

பாச்சை உருண்டை என்பது நாஃப்தலீன். 80 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உருக்கி ஆறவிட்டுக் கட்டியாக்கலாம். உள்ளே எழும் ஒளி கட்டியைக் கடந்து வெளியே வந்துவிடும். கால்மனின் கெட்டிக்காரத்தனம் இந்தக் குணத்தைப் பிடித்துக்கொண்டதில்தான் இருக்கிறது என்பேன். கண்ணுக்குப் பதில் ஒளிப்பெருக்கிக் குழலைப் பொருத்தினார். மாணவர் இம்மானுவேல் புரோசரோடு சேர்ந்து முடிவுகளை வெளியிட்டார். 1948-ல் அமெரிக்கா போய்விட்டார்.

நாஃப்தலீன் நெடுநாள் நிலைக்கவில்லை. தானாகவே கரைந்து காற்றோடு போகிற சரக்கு அல்லவா? அதைவிடப் பளிச்சென்று ஒளிரும் ஆந்த்ரசீன் வந்தது; 1950 வாக்கில் பிளாஸ்டிக்கும் வந்தது. பாலிஸ்டைரீனிலும் நாஃப்தலீனில் உள்ளதைப் போன்ற கார்பன் வளையங்கள்தான். வளையத்தில் இளகலாக இருக்கும் எலக்ட்ரான்கள் துகள் உரசியதும் எம்பி, பழைய நிலைக்கு இறங்கும்போது ஒளியை உமிழ்கின்றன. கூடவே கலந்த சாயம் அதை உணரிக்கு ஏற்ற நிறமாக்குகிறது.

இன்று அந்த பிளாஸ்டிக் ஹாம்பர்க்கின் டெசி ஆய்வகத்தில் சிறு ஓடுகளாக வந்து நிற்கிறது. இவற்றை உருவாக்கும் காலிஸ் என்ற ஆய்வுக் குழுவின் ஓடு 3 சென்டிமீட்டர் சதுரம், 3 மில்லிமீட்டர் தடிமன். அடியில் ஒரு குழி; அதற்குள் சிலிக்கான் ஒளியுணரி உட்காரும். ஒளி சிதறாமலிருக்க ஓட்டின் எல்லாப் பக்கமும் எதிரொளிக்கும் தாள். டெசியின் எலக்ட்ரான் கற்றையில் ஓடுகளை வைத்து, ஒரு துகளுக்கு எத்தனை ஒளித்துணுக்கு சேர்கிறது, குழியருகிலும் ஓரத்திலும் அளவு ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இப்படி ஏறத்தாழ 22,000 ஓடுகள் கொண்ட மாதிரிக் கருவி ஒன்று 2018-ல் செர்ன் ஆய்வகத்தின் கற்றையிலும் சோதிக்கப்பட்டது.

அதே உத்திதான் செர்னின் சிஎம்எஸ் கருவியில், துகள்களின் ஆற்றலை அளக்கும் புதிய கலோரிமீட்டருக்கும். அங்கே கதிர்வீச்சு பட்டுப்பட்டு பிளாஸ்டிக் மங்கும், உணரியில் இரைச்சல் ஏறும். அதனால் முழுவதையும் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரிக்கும் மேல் குளிரவைக்க இருக்கிறார்கள். ஒருமுறை உள்ளே பொருத்திவிட்டால் பழுதான ஓடுகளை எளிதில் மாற்ற முடியாது. குறை எதுவானாலும் அதற்கு முன்பே கண்டுபிடித்தாக வேண்டும்.