வில்லுக்கத்தியும் எழுத்தாணியும்

சட்டைப்பையில் அடங்கும் மடக்குக் கத்தியை ஈழத்தில் வில்லுக்கத்தி என்போம். தமிழகத்தார் பேனாக்கத்தி என்பர். ஒரு பொருளின் இவ்விரு பெயர்களும் இருவேறு செய்திகளைச் சொல்கின்றன.

முதற்பெயர் அதன் பொறியைச் சுட்டுவது. கைப்பிடியின் முதுகுப்புறத்தில் உருக்காலான வில் ஒன்று உண்டு. அலகை விரிக்கையில் அது விரலை எதிர்த்து நிற்கும். முழுதும் விரிந்ததும் 'டக்' என்று அலகை இறுக்கிப் பிடிக்கும். கத்தியில் நாட்டமுடையோர் முதலில் செவிகொடுப்பது இவ்வொலிக்கே. அலகின் கூரும் கொம்புப் பிடியின் மினுக்கமும் பிறகுதான். இத்தொழிலுக்குப் பேர்போன ஊர் இங்கிலாந்தின் செபீல்ட். அங்கு யோசப் ரொட்ஜர்ஸ் கத்திகளில் பொறிக்கப்பட்ட நட்சத்திரமும் சிலுவையுமான முத்திரை 1682ஆம் ஆண்டுக்குரியது.

இரண்டாம் பெயர் பயனைச் சுட்டுவது. 1820களில் பர்மிங்காமில் உருக்குப் பேனா முள் பெருவாரியாகச் செய்யப்படும்வரை ஐரோப்பியர் பறவை இறகாலேயே எழுதினர். நுனி தேயத்தேய அதைச் சீவிக்கொள்ளச் சிறுகத்தி வேண்டியிருந்தது. உருதுவில் இதன் பெயர் கலம்தராஷ்; எழுதுகோல் சீவி என்பது பொருள்.

நம்மவரிடமும் இவ்வுறவு இருந்தது. மடக்கெழுத்தாணி என்றொரு கருவி உண்டு. எழுத்தாணியும் கத்தியும் ஒரே பிடிக்குள் மடங்கிக் கிடக்கும். கத்தியால் ஓலையை நறுக்கி, ஆணியால் எழுதுவர். காரைதீவு முதலான ஊர்களின் கண்ணகி அம்மன் கோயில்களில் பாடப்படும் கண்ணகி வழக்குரை, இவ்வாறு ஏடெழுதிக் காக்கப்பட்டதே. அயலிலுள்ள முஸ்லிம் ஊர்களிலோ அரபுத்தமிழ் பயின்றனர். அரபெழுத்துக்குரிய நாணற் கலத்தின் நுனியைச் சரிவாக வெட்டித் தருவதும் கத்தியே. இரு சமூகத்தாரின் எழுத்துக்கும் அது துணைநின்றமை மனங்கொள்ளத்தக்கது.

அதே கரையில் 1990இல் தமிழரும் முஸ்லிம்களும் உயிர்களைப் பறிகொடுத்தோம். கத்தி என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு திடுக்கிட்ட காலம் அது. சோதனைச் சாவடிகளைக் கடந்து பள்ளிக்கூடம் போன என் தலைமுறை, பென்சில் சீவுவதற்குக்கூட வில்லுக்கத்தி கொண்டுபோகத் துணியவில்லை. இன்று என் வகுப்பில் மடக்கெழுத்தாணி என்றால், அது என்ன சேர் என்று மாணவர் கேட்கிறார்கள்.

ஆதலால் ஒன்று வேண்டுவேன். உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் பாட்டனாரின் எழுத்தாணியோ, வாப்பாவின் வில்லுக்கத்தியோ துருவேறிக் கிடக்கலாம். பழைய இரும்புக்கு விற்றுவிடாதீர்கள். எண்ணெய் பூசித் துடைத்துப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். எழுதுவதற்காக வைத்திருந்த கத்தி இது என்று சொல்லுங்கள்.