தோல் தூய்மையானது, தண்ணீர்?

மதரஸாக்களில் ஃபிக்ஹுப் பாடம் தண்ணீரிலிருந்துதான் தொடங்குகிறது. அசுத்தம் கலந்து நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றில் ஒன்று மாறிவிட்டால் அந்நீரால் ஒளு நிறைவேறாது என்பதை ஓதத் தொடங்கிய சிறுவனும் அறிவான். அடுத்த சில பக்கங்களில், செத்த பிராணியின் தோலும் பதனிட்டால் தூய்மையாகிவிடும் என்ற சட்டம், சில விலக்குகளோடு, வருகிறது. இவ்விரு பாடங்களையும் நாம் தனித்தனியே கற்பித்து வருகிறோம். பாலாற்றங்கரையின் வரலாறோ இரண்டையும் ஒருசேர வைத்துப் படிக்கச் சொல்கிறது.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களின் பெயரைக் கேட்டதும் நம் சமுதாயத்தார் நினைவில் வருவது தோல் வணிகமும் கல்வியும்தான். வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தோன்றியது. மேல்விஷாரத்தைச் சேர்ந்த தோல் வணிகர் அப்துல் ஹக்கீம் சாஹிப், சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தின் எதிரில் பயணியர் தங்குவதற்குச் சித்தீக் சராய் எழுப்பினார். அக்கொடையாளர்களின் நன்மைகளை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் அதே தொழில் ஆற்றுக்கு என்ன செய்தது என்பதைப் பேச நாம் கூச்சப்பட்டே வந்திருக்கிறோம்.

முன்னோர் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் கொண்டு வாரக்கணக்கில் தோலை ஊறவைத்துப் பதனிட்டனர். அன்றும் நாற்றம் இருந்தது, சுண்ணாம்பும் உப்பும் இருந்தன. பழங்காலம் முழுத் தூய்மையாக இருந்தது என்று சொல்வது நேர்மையாகாது. எனினும் அளவு சிறிது. 1970களில் அரசு, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாக முடித்த தோலையும் காலணியையும் ஏற்றுமதி செய்ய ஊக்கமளித்தது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி, ஊருக்கு வேலை என்ற கணக்கு அது.  குரோமிய உப்புகளால் பதனிடும் முறை பரவிற்று. வாரங்கள் எடுத்த வேலை சில நாட்களில் முடிந்தது. தோல் ஏற்காத குரோமியமும், பச்சைத்தோல் கெடாதிருக்கத் தூவிய உப்பும் கழிவுநீரோடு வெளியேறின.

பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு. அதன் நீர் மணலுக்கடியில் ஓடுகிறது. கரையோர ஊர்கள் கிணற்றாலும் ஊற்றாலும் வாழ்ந்தன. எனவே, மேலே விட்ட கழிவு கண்ணுக்கு மறைந்து கீழே போய், அண்டை நிலத்தின் கிணற்றில் நிறமாகவும் உப்புச் சுவையாகவும் வெளிப்பட்டது. அக்கிணற்றை நம்பியிருந்த உழவருக்குத் தோல் விற்ற பணத்தில் பங்கில்லை.

1991இல் வேலூர் மக்கள் நல அமைப்பொன்று உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைகள் நிறைந்த அப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்குத் தகுதியிழந்ததாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு கூறியதை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறி இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அங்கேதான் உறுதியாயிற்று. நம் ஃபகீஹ்களுக்கு இது புதிதன்று. தன் சொத்தைப் பயன்படுத்தும் ஒருவர் அண்டை வீட்டாருக்குத் தீங்கிழைக்கலாகாது என்பதையும், கிணற்றைச் சுற்றி விடவேண்டிய காப்பெல்லையையும் அவர்கள் நூற்றாண்டுகளுக்கு முன்பே விவாதித்துள்ளனர். அந்தப் பக்கங்களைத் தொழில் அதிபர்கள் முன்னிலையில் உரத்து ஓதியவர் எத்தனை பேர்? நம்மையும் சேர்த்தே கேட்கிறோம்.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. அவற்றின் வழக்கமான முறைகளால் கரைந்த உப்பை நீக்க முடியாது. நீக்கும் முறைகளுக்கோ செலவு அதிகம். 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டையில் இத்தகைய நிலையமொன்றின் கழிவுத் தொட்டிச் சுவர் நள்ளிரவில் இடிந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள்.

தொழிலை மூடிவிடச் சொல்கிறோமா? இல்லை. ஆம்பூரின் காலணித் தொழிற்சாலைகளுக்கு விடியலில் புறப்படும் பெண்களின் சம்பளத்தில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. ஆனால் வாரிசுகள் சொத்தைப் பங்கிடுமுன் இறந்தவரின் கடனைத் தீர்க்க வேண்டும் என்பது நாம் கற்பிக்கும் சட்டம். வருமானத்தைக் கணக்கிட்ட நாம் அந்தக் கடனைக் கணக்கிட்டோமா என்பதே நம் கேள்வி.

கணக்கு ஏற்கெனவே எழுதப்பட்டுத்தான் இருக்கிறது. தீர்ப்பின்படி அமைந்த ஆணையம், 2001 மார்ச் 7 அன்று, பாதிக்கப்பட்ட ஏறத்தாழ 29,000 பேருக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு விதித்தது. சராசரியாக ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய்கூட இல்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம், அவர்களில் இன்னும் பணம் பெறாதவர்களுக்கு அதை வழங்கும்படி மீண்டும் உத்தரவிட நேர்ந்தது. இடைப்பட்ட 24 ஆண்டுகளில் இறந்துபோனவர்களின் உரிமை, இப்போது அவர்தம் வாரிசுகளின் கையில் இருக்கிறது.